ஒழுகாத வாளி

அருளம்பலம் இரும்புத் துண்டொன்றை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக் வாளியின் அடிப்பக்கமாக வட்டமாய் ஓர் ஓட்டை போட்டார். குழாயைச் செருகி, உள்ளும் புறமும் பழைய சைக்கிள் ரியூப்பில் வெட்டிய வாசரை வைத்து நட்டை இறுக்கினார். தண்ணீரை நிரப்பி, அடியில் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

"இஞ்சருங்கோ, உது பூச்சிமருந்து கலக்கிற வாளியெல்லே?" என்று அடுப்படியிலிருந்து மனைவி சிவகௌரி கேட்டாள்.

"அலசிப்போட்டன். கூலிக்கு வாறவைக்கு உது காணும்."

"வீட்டிலை நல்ல வாளி கிடக்குது."

"அதிலை அவையள் கை வைச்சால் பிறகு நாங்கள் என்னத்திலை அள்ளுறது?"

பண்டத்தரிப்பில் அவருடைய தோட்டக் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. வெங்காயம் கிண்ட வருகிறவர்களின் சாதியார் அதன் சுற்றுக்கட்டில் கால் வைக்கக் கூடாது என்பது தகப்பன் காலத்து வழக்கம். காலம் மாறிவிட்டது என்று கூட்டங்களில் அவரும்தான் பேசுவார். ஆனால் கிணற்றடியில் எதுவும் மாறவில்லை. இதுவரை சிவகௌரிதான் அவர்களுக்கு அள்ளி ஊற்றினாள். அவளுக்கு முழங்கால் வருத்தம் வந்ததும், "நான் அள்ளட்டோ ஐயா?" என்று கூலிக்கு வருகிற சுவர்ணா கேட்டுவிட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்த வாளி.

மறுநாள் வெயில் ஏறியதும் முதலில் வந்தவள் சுவர்ணா. குழாயைத் திறந்து கையில் ஏந்திக் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். தாகம் விடவில்லை, மறுபடியும் குடித்தாள். மற்றவர்கள் வருவதற்குள் வரம்பில் குந்தி வாந்தி எடுத்தாள்.

அருளம்பலமே அவளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்தளவுக்கு நல்ல மனிதர்தான்.

"இப்பிடி வேர்த்துக் கொட்டுது. மருந்து ஏதும் உள்ளுக்குப் போனதோ?" என்று டொக்டர் கேட்டார்.

அருளம்பலத்தின் கண்முன்னே வாளி வந்தது. பின்னாலேயே பொலிசும் வந்தது, ஊர்ச்சனமும் வந்தது.

"இல்லை டொக்டர். வெய்யில் பட்டதாக்கும்."

சேலைன் ஏற்றினார்கள். நஞ்சுமுறிவு மருந்து ஏற்றவில்லை.

வீட்டில் சிவகௌரி வாளியின் குழாயைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். பூச்சிமருந்து மணந்தது. வாளியை அப்படியே இன்னொரு ஓட்டோவில் மடியோடு அணைத்துக்கொண்டு வந்து, டொக்டரின் மேசைக்கு முன்னால் வைத்தாள். அதன்பிறகுதான் எல்லாரும் ஓடினார்கள். சுவர்ணாவின் வாயில் அப்போது நுரை கட்டியிருந்தது.

"மணந்ததெல்லே, ஏன் பிள்ளை குடிச்சனீ?" என்று சிவகௌரி கேட்டாள்.

"வாளி தந்ததே பெரிசம்மா," என்றாள் சுவர்ணா, மூச்சு இழுக்க இழுக்க. "மணக்குதெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

பொழுதுபடுவதற்குள் அவள் போய்விட்டாள்.

"வந்த உடனை சொல்லியிருந்தால் தப்பியிருப்பா," என்று சொல்லிவிட்டு டொக்டர் அப்பால் போனார்.

அருளம்பலம் வாங்குப் பலகையில் இருந்தார். காலடியில் வாளி. அவ்வளவு தூரம் குலுங்கி வந்தும் அது ஒழுகவில்லை.

"நான் அலசினனான்," என்றார் மெதுவாக.

"அலசின வாளியிலை நீங்கள் ஒரு வாய் குடிச்சிருப்பியளே?" சிவகௌரி சத்தம் போடவில்லை. "நாங்கள் வாய் வைக்காததை இன்னொருத்தருக்குக் குடுக்கிறது தானமில்லை, கொலை. கிணத்திலை தீட்டுப் படாமல் பாத்துப் பாத்து, ஒரு மனுசியைச் சாகடிச்சுப் போட்டம்."

அவர் எழுந்து வாளியைத் தூக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் நின்ற பொலிஸ்காரரிடம் போனார்.

"இது என்ரை வாளி," என்றார். "வெய்யில் எண்டு நான் சொன்னது பொய்."