அக்கா விழுந்த விதம்

1

இந்தக் கதையின் முதல் வரைவை நான் பத்திரிகைக்காக எழுதவில்லை. மருத்துவமனைப் படிவத்தோடு இணைப்பதற்காக எழுதினேன். மொத்தம் பதினோரு வரி. படித்தவர்கள் எல்லோரும் நம்பினார்கள். இருபது வருடமாகக் கதை எழுதுகிறேன், வேறு எந்தக் கதைக்கும் எனக்கு அப்படி ஒரு வாசகர் வாய்க்கவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

வெளிநாட்டில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியையைப் பற்றிய கதை. [அவள் என் அக்கா. ‘ஓர் ஆசிரியை’ என்றே மூன்று பக்கம் ஓட்டிப் பார்த்தேன், ஒட்டவில்லை. இனி அக்கா என்றே எழுதுகிறேன்.]

தொடக்கத்துக்கு எழுதிப் பார்த்த வாக்கியங்கள் இவை:

“பிழைக்கப்போன இடத்தில் உடம்பு ஒன்றுதான் ஒருவருக்கு...” (இப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்க மாட்டேன்.)

“அன்று காலையிலிருந்தே அக்காவுக்கு மனசு சரியில்லை.” (பொய். நன்றாகத்தான் இருந்தாள். எட்டாம் வகுப்பில் நாலு பேரைத் திட்டியிருக்கிறாள்.)

“நாற்காலியின் ஒரு கால் குட்டை.” (இது உண்மை. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.)

2

நாற்காலியின் ஒரு கால் குட்டை. பிள்ளைகள் காகிதத்தை மடித்து அடியில் கொடுத்து வைத்திருந்தார்கள். மறுநாள் பள்ளிக்கு ஆய்வுக் குழு வருகிறது. சுவரில் ஒரு சாண் இடம்கூட வெறுமையாகத் தெரியக் கூடாது என்பது தலைமையாசிரியையின் உத்தரவு. ஏணி சாமான் அறையில் இருந்தது. அறையின் சாவி காவலாளியிடம் இருந்தது. காவலாளி மூன்று மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டார்.

‘ஆசிரியர்கள் உயரத்தில் ஏறக் கூடாது’ என்று ஆசிரியர் அறையில் உத்தரத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கும். அதையும் ஒரு டீச்சர்தான் நாற்காலி மேல் ஏறி ஒட்டினாராம்.

அக்கா மேஜை மேல் நாற்காலியைப் போட்டு ஏறினாள். கையில் பின்னங்கள் வரைந்த அட்டை, வாயில் நாலு குண்டூசி. மடித்த காகிதம் கீழேயே கிடந்தது. நாற்காலி சாய்ந்தது. பின்பக்கமாகப் போனாள். முன்வரிசைப் பெஞ்சின் விளிம்பில் பின்கழுத்து மோதியது, அப்புறம்தான் வலது கை தரையைப் பிடித்தது. குண்டூசியை விழுங்கவில்லையே என்றுதான் முதலில் நிம்மதியாக இருந்ததாம்.

தலைமையாசிரியை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தோளைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

“டீச்சர், விபத்துப் பதிவேட்டுல இன்னிக்குத் தேதி போட்டு ஒரு வரி இருந்தாலும் நாளைக்கு அவங்க அதைத்தான் முதல்ல கேப்பாங்க.”

“எனக்குக் கை போச்சு மேடம்.”

“போகல, வீங்கியிருக்கு. வீட்டுல விழுந்ததா எழுதிக் குடுத்துடுங்க. ஆஸ்பத்திரிலயும் அதையே சொல்லுங்க. அடுத்த மாசம் உங்க ஒப்பந்தம் என் மேஜைக்குத்தான் வரும். உங்களை நான் மறந்துட மாட்டேன்.”

[இவளை வில்லியாக்காமல் எழுத நாலு தடவை முயன்றேன். அவளுக்கு மேலே ஒருத்தர், அவருக்கும் மேலே ஒருத்தர், எல்லோரும் பயத்தில் வாழ்கிறார்கள் என்றெல்லாம். அக்காவின் கழுத்தை வைத்து நான் பெரிய மனிதனாகக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று கிழித்துப் போட்டேன்.]

3

மருத்துவமனை வராந்தாவிலிருந்து அக்கா எனக்குப் போன் செய்தாள். அவள் கணவர், என் மாமா, பக்கத்தில்தான் இருந்தார். ஆனால் அவர் பொய் சொன்னால் காது சிவந்துவிடும். அதனால் அந்த வேலை எனக்கு வந்தது.

“டேய், நீதான் கதை எழுதுறவனாச்சே. வீட்டுல விழுந்த மாதிரி பத்து வரி எழுதி அனுப்பு. நானா சொன்னா உளறிடுவேன்.”

தம்பியாக இருந்திருந்தால் ‘உண்மையைச் சொல்லிடுக்கா’ என்று சொல்லியிருப்பேன். நான் கேட்டது இது: “உங்க குளியலறைல என்ன தரை?”

வழுவழுப்பான டைல்ஸ் என்றாள். போதாதா? சோப்புத் தண்ணீர், வழுக்கிய இடது கால், முன்பக்கமாக ஊன்றிய வலது கை. மளமளவென்று வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை அவ்வளவு சுத்தமாக யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

“வேற எங்கயாவது வலிக்குதாக்கா?”

“கழுத்து. பின்பக்கம்.”

‘கழுத்திலும் வலி உள்ளது’ என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். உறுத்தியது. முன்பக்கமாக விழுந்து கையூன்றியவளுக்குப் பின்கழுத்து ஏன் வலிக்க வேண்டும்? டாக்டர் கேட்பாரே. அடித்துவிட்டேன்.

“கழுத்தைப் பத்திச் சொல்லாதக்கா. பொருந்தி வரல. ரெண்டு நாள்ல தானா சரியாயிடும்.”

“சரிடா.”

[சிறுகதையில் ஒரு வரிகூட அதிகம் இருக்கக் கூடாது என்று மேடையில் பேசியிருக்கிறேன். கைதட்டியிருக்கிறார்கள்.]

4

மணிக்கட்டை மட்டும் படம் எடுத்தார்கள். எலும்பு விரிசல். மாவுக்கட்டு போட்டார்கள். டாக்டர் என் பதினோரு வரியைப் படித்துவிட்டு, குளியலறையில் மிதியடி போடச் சொல்லி அனுப்பினார். ஆய்வு நல்லபடியாக முடிந்தது, பள்ளிக்கு முதல் தரம் கிடைத்தது.

வலது கை விரல்கள் மரத்தன. கட்டு இறுக்கம் என்று தளர்த்தினார்கள். கழுத்துக்கு மாமா தைலம் தேய்த்தார். மூன்றாவது வாரம் அக்கா இடது கையால் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். கோணல் எழுத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். சாக்பீஸ் நழுவியது. எடுத்தாள், திரும்ப நழுவியது. இடது கையில் கட்டே இல்லை. அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

இந்த முறை கழுத்தை ஸ்கேன் செய்தார்கள். கழுத்தெலும்பு உடைந்து, இடம் நழுவி, நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய மருத்துவர் என்னுடைய தாளைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவிடம் பேசினார்.

“வழுக்கி விழுந்து கையூன்றினா இந்த எலும்பு இப்படி உடையாதும்மா. உயரத்துலேர்ந்து பின்பக்கமா விழுந்திருக்கணும். இல்லன்னா உங்க எலும்புலயே ஏதோ நோய் இருக்கணும். விழுந்ததுதான்னா நாளைக்கே ஆபரேஷன் பண்ணிடலாம். நோய்னா அது என்னன்னு தெரியாம நான் கத்தி வைக்க முடியாது. பரிசோதனைக்கு ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் கை தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது. காலைல வரேன், யோசிச்சுச் சொல்லுங்க.”

உண்மையைச் சொன்னால் அது பள்ளியில் நடந்த விபத்து. மருத்துவமனை மேலிடத்துக்குத் தெரிவித்தாக வேண்டும், அங்கே சட்டம் அப்படி. பொய்த்தாளில் கையெழுத்துப் போட்டவள் அக்கா. ஒப்பந்தம் போகும், கூடவே அந்த நாட்டில் இருக்கிற அனுமதியும் போகும். பதினோரு வருட வேலை. சொல்லாவிட்டால் கை.

5

போன் வந்தது. நான் காலில் விழுந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

“அக்கா, வீட்டுல பரண்லேர்ந்து சூட்கேஸ் எடுக்க நாற்காலில ஏறினேன்னு சொல்லு. பின்பக்கமா விழுந்தேன், கட்டில் விளிம்பு கழுத்துல பட்டுதுன்னு சொல்லு. கூச்சத்துல முதல்ல மாத்திச் சொல்லிட்டேன்னு சொல்லு. பள்ளிக்கூடமும் இதுல வராது, ஆபரேஷனும் நடந்துடும்.”

அக்கா குறுக்கிடாமல் முழுசாகக் கேட்டாள்.

“எவ்ளோ சீக்கிரமா வருது உனக்கு.”

“உன் நல்லதுக்குத்தான்க்கா.”

“போன தடவையும் அதுக்குத்தான் எழுதினே. எனக்கு வலிச்ச இடத்தை அடிச்சிட்டு, முழுசாப் படிச்சுக் காமிச்சே. நானும் நல்லாருக்குடான்னு சொன்னேன். என்னைச் சொல்லணும்.”

[சூட்கேஸ் கதையில் ஓட்டை எதுவும் இல்லை. இதை எழுதும்போதும் சரிபார்த்தேன். அது எனக்கே அசிங்கமாக இருக்கிறது.]

6

முடிவுகள்.

அ. அக்கா உண்மையைச் சொல்கிறாள். கை பிழைக்கிறது. வேலை போகிறது. வாசகர்களுக்கு இது பிடிக்கும். அவளுடைய வீட்டு வாடகையும் மகளின் படிப்பும் வாசகர்களுடையவை அல்ல.

ஆ. அக்கா சூட்கேஸ் கதையைச் சொல்கிறாள். கையும் பிழைக்கிறது, வேலையும் பிழைக்கிறது. தினமும் காலையில் தலைமையாசிரியைக்கு வணக்கம் சொல்கிறாள்.

இ. அக்கா எதுவும் சொல்லவில்லை. பரிசோதனைகள் தொடர்கின்றன. இரண்டாவது வாரம் அவள் ஒரு தம்ளரை...

(இதற்கு மேல் எழுத முடியவில்லை.)

மறுநாள் மாலை அவளே போனை எடுத்தாள். டாக்டரிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

“கதைல போடவா கேக்குறே?”

“இல்லக்கா. தம்பியாத்தான் கேக்குறேன்.”

“தம்பியா அன்னிக்குக் கேட்டிருக்கணும்.”

வைத்துவிட்டாள். அதற்கப்புறம் எப்போது போட்டாலும் மாமாதான் எடுக்கிறார். “தூங்குறா மாப்ள” என்பார், “குளிக்கிறா” என்பார். அவருடைய காது சிவந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். போன வாரம் நேராகவே கேட்டேன்.

“கை எப்படி இருக்கு மாமா?”

“அதை மட்டும் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கா மாப்ள. தெரிஞ்சா எழுதிடுவான்னு சொல்றா.”

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. வேண்டும் என்றால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ரொம்ப நன்றாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.