உப்பூறும் வீட்டின் கடைசி இரண்டு தாள்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் மலீஹாவுக்குக் கை பரபரக்கும். செங்கல்பட்டிலிருந்து நாவலூர் போகும் ஆபீஸ் பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடியில் முதன்முதலாக ஆவி படியும் நாளில், அவள் போனில் பத்து மாதமாகத் தூங்கிக் கிடந்த குழு எழுந்து உட்காரும். குழுவின் பெயர் "மழைக்காலப் பேய் வாசிப்பு". மொத்தம் பதினோரு பேர், எல்லாரும் அதே பஸ்ஸில் போய்வரும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள்.

"வெளிநாட்டுல இலை உதிர்ற நேரத்துல பேய்க்கதை படிப்பாங்களாம். நம்ம ஊர்ல எங்க இலை உதிருது?" என்று ஷ்யாம் கேட்டான். அவன் பின்சீட்டுக்காரன். எதற்கும் ஒரு கேள்வி வைத்திருப்பான்.

"செவுத்துல பூஞ்சை பூத்துகினு கீது. கதவு ஊறிப்போய் மூட மாட்டேங்குது. நாலு மணிக்கே இருட்டிக்கினு வருது. இதுக்கு மேல உனக்கு இன்னா வேணும்?" என்றாள் மலீஹா.

புத்தகம் சிபாரிசு செய்வதில் அவளுக்கென்று ஒரு வழி இருந்தது. என்ன மாதிரிக் கதை பிடிக்கும் என்று யாரையும் கேட்கமாட்டாள். "உன் வூட்ல எந்த எடத்த வேகமாத் தாண்டிப் போவ?" என்று கேட்பாள். ஷ்யாம் தனக்குப் பயமே கிடையாது என்று அரைமணி நேரம் பேசிவிட்டு, கேளம்பாக்கம் தாண்டும்போது மெல்ல, "மொட்டைமாடித் தண்ணித்தொட்டி" என்றான். மறுநாளே அவன் கைக்கு ஒரு கிணற்றுக் கதை போய்ச் சேர்ந்தது. அதற்கு அடுத்த நாள் கண் சிவந்து பஸ் ஏறியவன், குழாயைத் திறக்கவே யோசனையாக இருக்கிறது என்றான். சிங்கப்பெருமாள் கோயிலில் ஏறும் ஹரிப்ரியா, "கண்ணாடி" என்றாள். வாடகை வீட்டோடு வந்த ஆளுயர நிலைக்கண்ணாடி. அவளுக்கு மலீஹா ஒரு தையல்கடைக் கதை கொடுத்தாள். ஹரிப்ரியா ஒரு வாரம் கண்ணாடிக்குத் துப்பட்டா போர்த்தி வைத்திருந்தாள். எட்டாம் நாள் அடுத்த புத்தகம் கேட்டு நின்றாள். அன்றிலிருந்து இருவரும் ஒரே சீட்டு.

இந்த வருடம் மலீஹா கொடுத்த ஐந்தாவது புத்தகம்தான் எல்லாரையும் கவிழ்த்துவிட்டது.

அது ஒரு சின்ன நாவல். உள்ளங்கை அகலம், பழுப்பேறிய அட்டை, அதில் "உப்பூறும் வீடு" என்ற பெயர். எழுதியவர் கடல்மணி. திருக்கழுக்குன்றத்தில் பழைய பேப்பர் கடையில் கட்டோடு கட்டாகக் கிடந்ததை மலீஹா எடுத்து வந்திருந்தாள். கமலம் என்று ஒரு நர்ஸ். கடலோரத்துப் பெரிய வீடொன்றில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் பணக்காரக் கிழவியைப் பார்த்துக்கொள்ளப் போகிறாள். அந்த வீட்டுச் சுவரில் உப்புத்தண்ணீர் ஊறுகிறது. வெயில் நாளில் கூடத்தில் ஏழு கதவுகள். மழை நாளில் எண்ணினால் எட்டு. கடைசியில் ஒரு அடைமழையன்று கமலம் எட்டாவது கதவின் முன்னால் போய் நிற்கிறாள். தொடலாமா வேண்டாமா என்று கையை நீட்டுகிறாள். தாழ்ப்பாள் உள்ளே இருந்து விலகுகிறது.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பின்னட்டை.

ஹரிப்ரியா அதைப் படித்து முடித்த காலையில் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். "மீதி எங்கடி?"

"இல்ல. நான் வாங்கும்போதே இல்ல."

"தெரிஞ்சேதான் குடுத்தியா? பாவி!"

"உன் மூஞ்சி எப்படிப் போவுதுன்னு பாக்கணும்னு ஆசை" என்றாள் மலீஹா. வாங்கிய நாளிலிருந்து மூன்று வருடமாக அந்தக் கதவின் முன்னால் அவள் மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தாள். இப்போது துணைக்கு ஆள் கிடைத்துவிட்டது. அந்த வாரத்துக்குள் புத்தகம் கைமாறிக் கைமாறி ஒன்பது பேர் படித்துவிட்டார்கள். ஆளுக்கொரு முடிவு சொன்னார்கள். ஷ்யாம் மூன்று முடிவு சொன்னான், மூன்றுமே மோசம்.

வெள்ளிக்கிழமை மாலை, பஸ் சிறுசேரி நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றபோது, ஹரிப்ரியா புத்தகத்தை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"மலீஹா, இது கிழிஞ்சது இல்ல. வெட்டினது. பாரு, எவ்ளோ நேரா இருக்கு. ரெண்டு தாள்."

மலீஹா வாங்கிப் பார்த்தாள். தையலை ஒட்டி, நூல் பிடித்ததுபோல் வெட்டு. யாரோ கருத்தாக உட்கார்ந்து செய்த வேலை. புரட்டி முதல் பக்கத்துக்கு வந்தாள். அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருந்தது. விளக்கொளி அச்சகம், செங்கல்பட்டு.

"நம்ம ஊரு!" என்றாள். "இத்தன நாளா இது கண்ணுல படல பாரு. நாளைக்கு லீவுதானே?"

சனிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் இருவரும் அச்சக வாசலில் இருந்தார்கள். இப்போது அங்கே கல்யாணப் பத்திரிகையும் ஃப்ளெக்ஸ் பேனரும் அடிக்கிறார்கள். முதலாளி ரவிச்சந்திரன், அறுபதைத் தொட்டவர், பத்திரிகை மாதிரிகளுக்கு நடுவில் உட்கார்ந்து நாஸ்தா முடித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தைப் பார்த்ததும் இட்லிப் பொட்டலத்தைத் தள்ளி வைத்துவிட்டார்.

"அடடே! இத்த இன்னாத்துக்குமா தூக்கினு வந்துகீறீங்க?"

மலீஹா விஷயத்தைச் சொன்னாள். அவர் எழுந்து பரண்மேல் ஏறினார். தும்மினார். ஒரு தகரப் பெட்டியோடு இறங்கி வந்தார். அச்சடித்த ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி எடுத்து வைப்பது அவருடைய அப்பாவின் பழக்கமாம். நாற்பது வருடம் ஆகப்போகும் அந்தப் பிரதியில் கடைசி இரண்டு தாள்களும் பத்திரமாக இருந்தன.

இருவரும் நின்றபடியே படித்தார்கள். தலையோடு தலை முட்டியது. தாழ்ப்பாள் விலகுகிறது. கதவு திறக்கிறது. உள்ளே இருந்து டார்ச் விளக்கோடு ஒரு இன்ஸ்பெக்டர் வருகிறார். "பயப்படாதே கமலம்! இது கள்ளக்கடத்தல் கயவர்களின் வேலை!" என்கிறார். கயவர்கள் கைதாகிறார்கள். இன்ஸ்பெக்டர் கமலத்தைக் கல்யாணம் செய்துகொள்கிறார். சுபம்.

"ஐயே!" என்றாள் ஹரிப்ரியா.

மலீஹாவுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. மூன்று வருடம் காத்திருந்தது இதற்கா? ஆனால் அவள் விடவில்லை. மறுபடி படித்தாள். பிறகு சொன்னாள்: "சார், இது அதே ஆள் எழுதினது இல்ல. புத்தகம் பூரா கமலம் அளந்துதான் பேசுவா. ஒரு எடத்துலயும் ஆச்சரியக்குறி கெடையாது. இந்த ரெண்டு தாள்ல மட்டும் பதினேழு கீது."

ரவிச்சந்திரன் பிரதியை வாங்கிப் புரட்டினார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"கண்டுபுடிச்சிட்டியே! அது எங்க நைனா எழுதினதும்மா. பேய் ஜெயிச்சா புக்கு போவாதுன்னு அவராவே மாத்திட்டாரு. எழுதினவங்க வந்து பாத்தாங்க பாரு... அப்பா! நான் அப்போ காலேஜ் படிச்சிகினு இருந்தேன். அவங்க சத்தம்கூடப் போடல. நைனாவ ஒரு பார்வ பாத்தாங்க. தனக்குன்னு குடுத்த நூறு காப்பியத் தூக்கினு போய்ட்டாங்க. நைனாவுக்கு ரெண்டு நாள் ஜொரம்."

"யாரு சார் அவங்க?"

"சாராள் சிஸ்டர். கவர்மென்ட் ஆஸ்பத்திரி நர்ஸு. கடல்மணின்றது அவங்க வெச்சிகினு இருந்த பேரு. ரிட்டையர் ஆயி சதுரங்கப்பட்டினத்துல கீறாங்கன்னு கேள்வி. கோட்டைக்குப் பின்னால சந்து."

மலீஹா ஹெல்மெட்டைக் கையில் எடுத்துவிட்டாள்.

திருக்கழுக்குன்றம் வரை தூறல்தான். மலையைத் தாண்டியதும் வானம் பொத்துக்கொண்டது. ஸ்கூட்டியில் முன்னால் மலீஹா, பின்னால் புத்தகத்தை மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு அணைத்தபடி ஹரிப்ரியா. இருபக்கமும் வயலில் தண்ணீர் வெள்ளிபோல் கிடந்தது. "அவங்களுக்கு ஞாபகம் இருக்குமா?" என்று பின்னாலிருந்து கேள்வி வந்தது. "இருக்கணும்!" என்று முன்னாலிருந்து மழையை மீறிக் கத்தல் போனது. அதே கேள்வியும் அதே பதிலும் வழியெல்லாம் ஆறேழு தடவை நடந்தன.

கோட்டைச் சந்தில் மூன்றாவது வீட்டில், வாசலில் ஒழுகும் இடத்துக்கு நேராக வாளி வைத்துக்கொண்டிருந்தார் சாராள். எழுபத்து மூன்று வயது. நெட்டையான உருவம், ஒட்ட வெட்டிய நரைமுடி. நனைந்த கோழிகள்போல் வந்து நின்ற இரண்டு பெண்களையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டார்.

"யாருக்கும் இல்ல சிஸ்டர். கதவுக்குப் பின்னால இன்னா இருந்துச்சுன்னு கேக்க வந்தோம்" என்றாள் மலீஹா. ஹரிப்ரியா பையைப் பிரித்துப் புத்தகத்தை நீட்டினாள்.

சாராள் அதை வாங்கினார். அட்டையைப் பார்க்கவில்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய், வெட்டின இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"நல்லாத்தான் வெட்டிகீறேன்" என்றார். "ஆபரேஷன் பிளேடு. நூறு காப்பிக்கும் மூணு நாள் ஆச்சு. அந்த இன்ஸ்பெக்டர் என் வூட்ல ஒரு ராத்திரிகூடத் தங்கக்கூடாதுன்னு வெட்டினேன்."

அப்புறம்தான் அவருக்குச் சிரிப்பு வந்தது. துண்டெடுத்துக் கொடுத்தார். சுக்குக் காப்பி போட்டார். ஆபீஸ் பஸ்ஸில் ஒன்பது பேர் அந்தக் கதவின் முன்னால் நிற்கிறார்கள் என்று மலீஹா சொன்னபோது, காப்பி ஆற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"ஒம்போது பேரா? நெசமாவா?"

"நெசமா சிஸ்டர். எங்க ஷ்யாம் படிச்சிட்டுத் தெனமும் வூட்டுக் கதவ எண்ணுறான்."

சாராள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெளியே மழை ஓட்டின்மேல் கொட்டியது. பட்டப்பகல் இரண்டு மணி, வீட்டுக்குள் மங்கல். தாழ்ந்த குரலில், டெம்பரேச்சர் சொல்வதுபோல், அவர் சொல்லத் தொடங்கினார்.

"கதவு தொறக்குது. உள்ள கமலத்தோட பழைய நர்ஸ் ஹாஸ்டல் ரூம். அவ கட்டில், அவ பொட்டி, செவுத்துல அவ காலண்டர். எல்லாம் ஈரம். கட்டில்மேல கெழவி உக்காந்துகினு கீறா. கமலத்தோட யூனிபாரம் போட்டுகினு. தொப்பிய சரி பண்றா. 'என் டூட்டி முடிஞ்சிது சிஸ்டர், இனி நீங்க பாத்துக்குங்க' அப்படின்னு சொல்லிட்டு, கமலத்தத் தாண்டி வெளிய நடக்குறா. பதினெட்டு வயசுப் பொண்ணு மாதிரி நடக்குறா. கமலத்துக்குக் கால் வரல. கீழ குனிஞ்சி பாக்குறா. கை பூரா சுருக்கம். இப்போ அவதான் கட்டில்ல படுத்துகினு கீறா. காலைல மழை விட்டுச்சு. வாசல்ல பொட்டியோட ஒரு புது நர்ஸு வந்து நிக்கிறா. கூடத்துல கதவ எண்ணுறா. ஏழு."

ஹரிப்ரியா மலீஹாவின் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. மலீஹாவால் உட்கார முடியவில்லை. எழுந்து வாசல்வரை போனாள், திரும்பி வந்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உடம்பெல்லாம் புல்லரித்துப்போய் நிற்கையில் இப்படி ஒரு சந்தோஷம் வருமா என்று அவளுக்கே புரியவில்லை. இன்ஸ்பெக்டர் எங்கே, இது எங்கே! இந்த முடிவைத்தான் புத்தகம் இத்தனை வருடமும் கேட்டுக்கொண்டிருந்தது.

"சிஸ்டர், இத்த எழுதிக் குடுங்க. அச்சுல வரணும்."

"முப்பத்தஞ்சு வயசுல யோசிச்சதும்மா அது. அப்போ நான் கமலம் பக்கம். இப்போ யோசிச்சா கெழவி தப்பிச்சி ஓடினதுதான் நல்லா கீது." சாராளின் கண்ணில் குறும்பு மின்னியது. "அந்த மழையில அவ எங்க போனா? யூனிபாரத்தோட எந்த வூட்டுக் கதவத் தட்னா? அத்த எழுதலாம்."

மலீஹாவும் ஹரிப்ரியாவும் ஒரே நேரத்தில், "எழுதுங்க!" என்றார்கள்.

அடுத்த ஞாயிறு மதியம் ஒரு வேனில் பதினோரு பேரும் சதுரங்கப்பட்டினத்தில் போய் இறங்கினார்கள். சாராள் கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில் உட்கார்ந்து, நீள நோட்டிலிருந்து வாசித்தார். தாழ்ப்பாள் விலகும் இடத்தில் நோட்டை மூடிவிட்டு, எல்லாருக்கும் டீ ஆச்சா என்று விசாரித்தார். ஷ்யாம் கெஞ்சிய பிறகுதான் மேலே வாசித்தார். கிழவி எழுந்து நடக்கும் இடத்தில், பயமே இல்லாத ஷ்யாம் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

ரவிச்சந்திரன் மறுபடி அச்சடிக்க ஒத்துக்கொண்டார். "நைனா மேல கீற பழி போவட்டும்" என்றார். அட்டையில் இந்தத் தடவை சாராள் என்ற சொந்தப் பெயரே வரும்.

கார்த்திகை முதல் வாரம் மலீஹா அச்சுப் பிழை திருத்த வேண்டிய தாள்களை எடுத்துக்கொண்டு கோட்டைச் சந்துக்குப் போனாள். சாராள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். எழுத்துப் பிழை நாலைந்துதான் இருந்தது. கடைசிப் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தைச் சுளித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு முழு வரியை அடித்தார்.

"இன்னா ஆச்சு சிஸ்டர்?" என்றாள் மலீஹா.

"இந்த எடத்துல பயம் பத்தல. காப்பி போட்டுகினு வா, வேற எழுதறேன்" என்றார் சாராள்.