திப்பாவில் பறவை பார்த்த நாள்

என் மகள் ஹர்ஷினியின் கல்யாணத்துக்கு என் மனைவி நளினி வைத்த விலை ஒரு கிளாஸ் பீர். நான் குடிக்காமல் விட வேண்டிய கிளாஸ்.

"பையன் கிருபனோட அப்பா அம்மா ஊருக்குத் திரும்புற வரைக்கும் ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது. அவங்க சுத்த சைவமாம். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் வெறும் தண்ணியிலயே இருக்கிற குடும்பமாம்."

"தண்ணியில இருக்கிறதுக்கு நானும் ரெடிதானே?"

நளினி சிரிக்கவில்லை. விருதுநகரில் வத்தல் கமிஷன் கடைக்குள் வளர்ந்தவன் நான். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்தால் எங்கள் வீட்டில் சோறு போட மாட்டார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டும் என்று கேட்டுப் பார்த்தேன். அவர்கள் தூங்கிய பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு, பாதி கிளாஸ் என்று இறங்கியும் வந்தேன். நளினி பார்த்த பார்வையில், இது ஃபிக்சட் பிரைஸ் கடை என்று தெரிந்துவிட்டது.

ஹர்ஷினியும் கிருபனும் துபாயில் ஒரே ஆபீஸில் வேலை பார்க்கிறார்கள். காதலைச் சொல்லி ஒரு வருஷமாகிறது. துபாயிலேயே இருக்கும் எங்கள் பக்கம் சம்மதம். பையன் வீட்டார் யாழ்ப்பாணத்துக்காரர்கள், இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் குடியேறியவர்கள். தாயார் வதனாவுக்கு மனதில் வேறொரு யாழ்ப்பாணத்துப் பெண் இருந்தது. கடைசி வார்த்தை தகப்பனார் இரத்தினசிங்கத்துடையது. அவரோ துபாயில் வந்து இறங்கியதுமே, "மனுசனோடை ஒரு பகல் வெளியிலை திரிஞ்சு பார்த்தால் குடும்பம் விளங்கிடும். பேந்து சொல்லுறன்" என்று முடிவைப் பிறகுக்குத் தள்ளிவிட்டார்.

ஹர்ஷினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, ப்ளீஸ். நார்மலா இருங்க. யார்கிட்டயும் பேரம் பேசாதீங்க. அங்கிள் ஓகே சொல்லலன்னா அவ்வளவுதான்" என்றாள். அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்தபின் எனக்கு வேறு யோசனை எதற்கு?

ஆனால் வந்தது. குளிர்காலச் சனிக்கிழமை, ஃபுஜைரா பக்கம், திப்பா ஊருக்கு வெளியே இரண்டு குடும்பமும் தங்க ஒரு பண்ணைவீடு எடுத்திருந்தோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மரமே இல்லாத செம்பழுப்பு மலை. நடப்பதற்கும் சைக்கிள் மிதிப்பதற்கும் வெள்ளைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வரும் இடம். அந்த மலையடிவாரத்தில் ஒரு ஹோட்டலில், பீப்பாயிலிருந்து கையாலேயே இறைத்து ஊற்றும் பீர் கிடைக்கிறது என்று என் ஆபீஸ் இங்கிலீஷ்காரன் சொல்லிச் சொல்லி மாய்ந்திருந்தான். அவ்வளவு தூரம் வந்துவிட்டு, பார்க்கவாவது வேண்டாமா?

சைக்கிள் வாடகைக்கு விடும் கௌஸ் முகம்மது, வாணியம்பாடிக்காரர், இரண்டு சைக்கிளை இறக்கி வைத்தார். "களைச்சுப் போனா போன் அடிங்க சார். பிக்கப் எடுத்தாந்து அள்ளிக்கினு வந்துடறேன்."

இரத்தினசிங்கம் கழுத்தில் பைனாகுலரோடு வந்து நின்றார். ஒல்லியான உயரம், அரைக்கால் சட்டை, நெற்றியில் விபூதி.

"நான் பறவை பார்க்கிற ஆள்" என்றார். "போனிலை இடமெல்லாம் குறிச்சு வைச்சிருக்கிறன்."

"நல்ல பழக்கம் சார்" என்றேன். எனக்கும் ஒரு சாக்கு வேண்டுமே. "எனக்குத்தான் வயிறு கொஞ்சம் சரியில்ல. அங்கங்க ஹோட்டல் இருந்தா ஒதுங்க வேண்டியிருக்கும்."

"அதுக்கென்ன, தாராளமா ஒதுங்குங்கோ" என்றார். அந்த வார்த்தையில் இருந்த சந்தோஷம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

கடற்கரைச் சாலையில் முதல் ஹோட்டல் வந்ததும் எனக்கு வயிறு கலக்கியது. அவருக்குத் தோட்டத்தில் பறவை தெரிந்தது. நான் முன்வாசலில் நுழைந்தேன், அவர் பின்பக்கமாகப் போனார். லாபியில் பார் எங்கே என்று கேட்டால், சாயங்காலம்தான் திறப்போம் என்றான். நான் வெளியே வந்தபோது அவரும் தோட்டத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"பறவை இருந்துச்சா சார்?"

"இருந்தது. ஆனா ஒண்டிலையும் உயிர் இல்லை."

செத்த பறவைகளைப் பார்த்துவிட்டா வருகிறார்? அடுத்த ஹோட்டலிலும் அதே கதை. என் வயிறு, அவர் பறவை. மூன்றாவது இடத்தில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கேயும் அவர் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு, சிமெண்ட் மூட்டைக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். வழியில் ஈச்சமரத்தில் பச்சைக்கிளிகள் கத்தின. பாலத்தின் மேல் ஒரு கழுகே உட்கார்ந்திருந்தது. மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பறவை பார்ப்பவர் பறவையைப் பார்க்காமல், ஹோட்டல் வாசலாகப் பார்த்து நிற்கிறாரே, புத்திக்கு ஏதாவதா? பரம்பரை வியாதியாக இருந்தால் என் பேரப்பிள்ளைகளின் கதி என்ன? சைக்கிள் மிதிப்பதைவிட இந்த யோசனைதான் மூச்சு வாங்க வைத்தது.

அவரும் சும்மா இல்லை. ஓரக்கண்ணால் என்னையே அளந்துகொண்டு வந்தார்.

"பத்மநாபன், உங்களுக்கு உத்தியோகத்திலை பிரச்சினை ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்ல சார். ஏன்?"

"சும்மா கேட்டனான்."

ஊருக்குள் வந்தோம். திப்பா என்பது பேருக்குத்தான் ஒரு ஊர். ஒரு துண்டு ஃபுஜைராவுக்கு, ஒரு துண்டு ஷார்ஜாவுக்கு, ஒரு துண்டு ஓமனுக்கு. ஒரு தெருவைத் தாண்டினால் ராஜ்யம் மாறிவிடும். ஷார்ஜா துண்டில் பார் என்ற பேச்சே கிடையாது என்பது இங்கே உள்ள குழந்தைக்கும் தெரியும். ஷெஃபீல்டில் இருந்து வந்தவருக்குத் தெரியுமா? போனைப் பார்த்துக்கொண்டே அந்தத் துண்டுக்குள் சைக்கிளைத் திருப்பினார்.

"அந்தப் பக்கம் வேணாம் சார். பறவை இருக்காது."

"ஏன்?"

"அது ஷார்ஜா சார்."

அவர் பிரேக் பிடித்து நின்றார். "ஷார்ஜாவிலை பறவை பறக்காதோ?"

பின்னாலேயே போனேன். மீன் மார்க்கெட்டைச் சுற்றினோம், பள்ளிவாசலைச் சுற்றினோம். ஒவ்வொரு சந்திலும் இறங்கி, போனையும் கடைப் பலகையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கடைசியில் ஒரு மலையாளி கடையில் கடக் சாயா என்கிற திக்கான டீ வாங்கிக் கொடுத்தேன். அதைக் குடித்த முகத்தைப் பார்த்தால், யாரோ அவருக்குக் கடன் பாக்கி வைத்துவிட்டு ஓடிப்போனதுபோல் இருந்தது.

"நீங்கள் எதையோ எனக்கு ஒளிக்கிறியள்" என்றார் கிளாஸைக் கீழே வைத்து. குரலில் சிரிப்பு இல்லை.

"நானா? அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்."

"ம்" என்றார். அந்த ஒற்றை ம்-மில் என் மகளின் கல்யாண மண்டபம் விளக்கணைந்து போனது.

மலைப்பக்கம் போய்த் திரும்பலாம் என்று நான்தான் சொன்னேன். வறண்ட ஓடையோரமாகப் பாதை ஏறியது. பாறை இடுக்கில் ஆடுகள் நின்று எங்களை வேடிக்கை பார்த்தன. மத்தியான வெயிலில் மலை மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறிக்கொண்டே வந்தது. வேறொரு நாளாக இருந்தால் ஆகா என்றிருப்பேன். ஓடை வளைவில் அந்த ஹோட்டல் வந்தது. வயிறு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "இஞ்சை கொஞ்சம் ஆறுவம். எலுமிச்சம் ஜூஸ் குடிப்பம்" என்றார்.

"நானும் அதான் நினைச்சேன் சார். ஜூஸ்."

உள்ளே மர மேஜைகள், மங்கிய வெளிச்சம், கவுண்டரில் பளபளவென்று மூன்று பித்தளைக் கைப்பிடிகள். பார்க்கவே கூடாது என்று நான் கூரையைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். கவுண்டரில் இருந்த ராஜீவ், நாகர்கோவில் பையன், எங்களுக்கு ஜூஸ் கொண்டு வந்து வைத்துவிட்டு, சைக்கிளில் வந்திருந்த ஒரு வெள்ளைக்காரருக்காகக் கைப்பிடியை இழுத்தான். கிளாஸில் இறங்கியது குட்டைத் தண்ணீர்போல் கலங்கி இருந்தது.

"தம்பி, நிப்பாட்டும்!"

இரத்தினசிங்கம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "உந்தக் கிளாஸை ஆருக்கும் குடுக்கக் கூடாது. உந்தப் பீப்பாயை எப்ப இறக்கினனீர்?"

ராஜீவ் மிரண்டு போனான். "இன்னைக்குக் காலையில சார்."

"பார்த்தீரோ! இது காஸ் அடைச்ச டப்பாத் தண்ணி இல்லை ஐசே, உயிருள்ள பியர். பீப்பாய்க்குள்ளையே நொதிச்சுக்கொண்டிருக்கிறது. இறக்கி வைச்சால் ஒரு நாளெண்டாலும் ஆட்டாமல் அசைக்காமல் விடவேணும். அப்பதான் மண்டி அடியிலை போய்ப் படுக்கும். மற்றக் கைப்பிடியிலை என்ன இருக்கு?"

"அது போன வாரம் இறக்கினது சார்."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு ஜூஸைக் குடித்திருக்க வேண்டும். ஆனால் போன வாரத்துச் சரக்கு என்று காதில் விழுந்த பிறகு, எங்கள் கடைவீதியில் பிறந்தவன் கை சும்மா இருக்காது. நானும் கவுண்டருக்குப் போய்விட்டேன்.

"பழைய சரக்குக்குப் புது சரக்கு விலையா போடுவே? முதல்ல சாம்பிள் ஊத்து. ரெண்டு கிளாஸ்ல. பார்த்துட்டுத்தான் விலை பேசுவோம்."

ஊற்றினான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், தெளிவு. மூக்கருகே கொண்டுபோனேன். ஒரு வாய் எடுத்து நாக்கில் புரட்டினேன். "பரவாயில்ல, சரக்கு தேறும்" என்று சொல்லிக்கொண்டே திரும்பினால், பக்கத்தில் இரத்தினசிங்கமும் வாய்க்குள் புரட்டிக்கொண்டிருந்தார்.

இருவரும் அப்படியே நின்றோம். இருவர் வாயிலும் பீர். துப்பவும் முடியாது, விழுங்கினால் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அவர்தான் முதலில் விழுங்கினார்.

"அப்ப, வயித்துக்கு ஒண்டும் இல்லையோ?"

"இல்ல சார். பறவை?"

"காகத்தையும் குயிலையும் பிரிச்சுச் சொல்லத் தெரியாது எனக்கு." பைனாகுலரைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஷெஃபீல்டிலை சனிக்கிழமை எண்டால் மலையிலை நடக்கிறது, நல்ல பியர் இருக்கிற கடையாப் பார்த்து இறங்கிறது, அதுதான் என்ரை சீவியம். மனுசி சொல்லிப்போட்டா, இந்திய ஆக்கள் ஆசாரமான சனம், பியர்க் கதையை வாயிலை எடுத்தால் பெடியன்ரை கலியாணம் முறிஞ்சு போகுமெண்டு."

"எங்க வீட்டுலயும் இதே உத்தரவுதான் சார். நீங்க கந்தசஷ்டிக்கு ஆறு நாள் தண்ணியில இருக்கிறவங்கன்னு."

"ஆறு நாள் மெய். மிச்ச நாளைப் பற்றி ஆர் கேட்டது?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கிளாஸைக் கையில் சுழற்றிக்கொண்டே சொன்னார்: "இண்டைக்குப் பின்னேரம் வேண்டாம் எண்டு சொல்லத்தான் இருந்தனான். காலமை தொடக்கம் ஒரு கேள்விக்கும் நேராப் பதில் இல்லை. இந்த மனுசன் எதையோ ஒளிக்குது, ஒண்டில் கடன், இல்லாட்டி வேறை எங்கையாவது ஒரு குடும்பம் எண்டு நினைச்சிட்டன்."

ஒரு கிளாஸை மறைக்கப் போய் மகளின் வாழ்க்கையையே தொலைக்க இருந்திருக்கிறேன். "வேற குடும்பத்துக்கு நளினி விட்ருவாளா சார்?" என்று சொல்லிப் பார்த்தேன். பிறகு பேரத்தையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசினேன். "இனிமே மறைக்க ஒண்ணுமில்ல. ஹர்ஷினிக்குச் சமையல் வராது. கோவம் வந்தா ரெண்டு நாள் பேச மாட்டா. காலையில காபி குடிக்கிற வரைக்கும் அவகிட்ட யாரும் எதுவும் கேக்கக் கூடாது. ஆனா பொய் சொல்ல மாட்டா. அதுல எங்களை மாதிரி இல்ல."

இரத்தினசிங்கம் கிளாஸைக் கீழே வைத்தார். "கிருபன் கோப்பை கழுவ மாட்டான்" என்றார். "குறட்டை விட்டால் பக்கத்து வீட்டுக்காரன் எழும்புவான். ஆனா உங்கடை பிள்ளையைப் பற்றிக் கதைக்கேக்கை குரல் மாறுது அவனுக்கு. அவன் அப்பிடி ஒருத்தரைப் பற்றியும் கதைச்சு நான் கேக்கேல்லை."

போனை எடுத்து வதனாவை அழைத்தார். "ஓம் வதனா. நான்தான். எனக்குச் சம்மதம். ஓம், நல்ல குடும்பம். நல்ல மனுசன். இல்லையப்பா, ஜூஸ்தான் குடிக்கிறம்." அந்தப் பக்கம் பண்ணைவீட்டிலிருந்து ஹர்ஷினி போட்ட கூச்சல் போனைத் தாண்டி எனக்கே கேட்டது. ராஜீவ்கூடச் சிரித்தான்.

"இன்னும் ஒண்டு ஊத்தும் தம்பி, என்ரை சம்பந்திக்கு" என்றார் இரத்தினசிங்கம்.

குடித்த பிறகு சைக்கிள் ஆகாது என்பதால், பொழுது சாய்ந்ததும் கௌஸ் முகம்மதுவுக்குப் போன் அடித்தேன். வந்தவர் எங்கள் பக்கம் ஒருமுறை மூக்கை உறிஞ்சிவிட்டு, பிக்கப்பின் கண்ணாடி இரண்டையும் கீழே இறக்கிவிட்டார். "என்னா சார், பறவை நெறைய கெடச்சதா?" என்றார். வழிநெடுக ஏலக்காய் கொடுத்துக்கொண்டே வந்தார்.

பண்ணைவீட்டு வாசலில் விளக்கெல்லாம் போட்டு, நளினியும் வதனாவும் ஆரத்தித் தட்டோடு நிற்பது தூரத்திலேயே தெரிந்தது. கிட்டே போனால் பீர் மணக்கும். சம்பந்தி என் தொடையில் தட்டி, "கணக்கைச் சொல்லும்" என்றார். சொன்னேன். என் பொய், வயிறு. அவர் பொய், பறவை. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர். அவர் பையனின் குறட்டைக்கு என் மகளின் கோபம், அதுவும் நேர். பெண்ணுக்குப் பையன், பையனுக்குப் பெண், பற்று வரவு சரி. நளினிக்குத் தர வேண்டிய உண்மை ஒன்று, வதனாவுக்குத் தர வேண்டிய உண்மை ஒன்று. ஆக மொத்தம் இரண்டு, பாக்கி.