கன்னத்தில் பொட்டளவு

அந்த வார்டில் அவளுக்குப் பஞ்சு சிஸ்டர் என்று பெயர். குறைமாதக் குழந்தையின் உடம்பிலிருந்து எந்தப் பிளாஸ்திரியை எடுப்பதென்றாலும், வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, ஓரத்தில் ஒற்றி ஒற்றி ஊறவைத்து, தோலோடு படிந்தாற்போல மெல்ல மடக்கித்தான் எடுப்பாள். "நீ ஒண்ணு எடுக்கிறதுக்குள்ள குழந்தை பல்லு முளைச்சு வீட்டுக்கே போயிடும்" என்று மற்ற நர்ஸுகள் கிண்டல் செய்வார்கள். பதினோரு வருஷத்தில் அவள் கையில் ஒரு குழந்தைக்கும் தோல் உரிந்ததில்லை.

அன்று உரிந்தது.

காலை ஷிஃப்டுக்கு இரண்டு பேர் வரவில்லை. ஆளுக்கு இரண்டு குழந்தை என்பது போய், அவள் தலையில் ஐந்து விழுந்தன. மூன்று மணி நேரத்துக்கொரு தடவை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். காலில் சுற்றிய சென்சாரைக் கழற்றி மறுகாலில் கட்ட வேண்டும். காற்றுக் குழாய் அழுத்தி மூக்கு சிவந்திருக்கிறதா, ஊசி போட்ட கை வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்தாவதை முடித்து நிமிர்ந்தால் முதலாவதற்கு நேரம் வந்திருக்கும். மதியம் ஒரு மணிவரை டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. முந்தைய நாளும் இரட்டை ஷிஃப்ட். முழங்காலுக்குக் கீழே கால் யாருடையதோ போலிருந்தது.

நாலாம் கண்ணாடிப் பெட்டியில் இருந்த பெண் குழந்தை இருபத்தெட்டு வாரத்தில் பிறந்தது. ஒரு கிலோகூட இல்லை. தோல் வெங்காயச் சருகுதான். உள்ளே ஓடும் நரம்பு தெரியும். பால் குழாயைக் கன்னத்தோடு பிடித்திருந்த பிளாஸ்திரி ஈரமாகி நழுவியிருந்தது. பஞ்சை நனைத்து வைத்தாள். ஒரு ஓரம் எழும்பியது. அந்த நேரம் பார்த்து ஐந்தாம் பெட்டியில் அலாரம் அடித்தது. தலை அங்கே திரும்ப, கை இங்கே இழுத்துவிட்டது.

ஐந்தாம் குழந்தை மூச்சுவிட மறந்திருந்தது. பாதத்தைத் தட்டியதும் மூச்சை இழுத்துக்கொண்டது. திரும்பி வந்தபோது நாலாம் குழந்தையின் கன்னத்தில் பொட்டளவு ரத்தச் சிவப்பு. அழுவதற்கு வாய் திறந்திருந்தது. சத்தம் வரத் தெம்பில்லை. புண்ணைக் கழுவி, ஒட்டாத மெல்லிய துணியை மேலே வைத்தாள்.

இன்சார்ஜ் சிஸ்டர் வந்து குனிந்து பார்த்தார். "கை தவறுறது எல்லாருக்கும்தான். 'ஷிஃப்ட் மாறும்போதே சிவந்திருந்தது'ன்னு ரிப்போர்ட்ல எழுதிடு."

"அப்ப ராத்திரி டியூட்டிக்காரி தலையில விழும், சிஸ்டர்."

"அவ ஒண்ணும் தேஞ்சிட மாட்டா."

பேனாவை எடுத்தாள். அப்படியே எழுதிவிட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பொய்யை எழுதினால் நாளைக்கும் அதை நினைவு வைத்திருக்க வேண்டும். அவளிடம் அதற்குத் தெம்பில்லை. 'பிளாஸ்திரி எடுக்கும்போது என் கையால் உரிந்தது. என் பொறுப்பில் ஐந்து குழந்தைகள்' என்று எழுதினாள்.

"அஞ்சு குழந்தைன்னு எதுக்கு?"

"அதுவும் நடந்ததுதானே, சிஸ்டர்."

மூன்று மணிக்குக் குழந்தையின் அம்மா சுவரைப் பிடித்தபடி வந்தாள், கையில் பிழிந்த பால் புட்டியோடு. அவள் பார்ப்பதற்கு முன்னாலேயே நர்ஸ் சொல்லிவிட்டாள். "பாப்பா கன்னத்துல தோல் உரிஞ்சிருச்சும்மா. நான்தான். இழுத்துட்டேன்."

அம்மா கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

"பன்னெண்டு நாளா நான் இவளைத் தொடவே இல்ல, சிஸ்டர். வாங்க வாங்கன்னு நீங்கதான் கூப்பிட்டீங்க. தோல் போயிடுமோன்னு பயந்து நின்னேன். இப்ப நீங்களே இப்படின்னா, நான் எப்படித் தொடுவேன்?"

அம்மா பாலை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் வந்தபோது, "வேற சிஸ்டர் பார்க்கட்டும்" என்றாள். வேறு ஆள் இல்லை. பஞ்சு சிஸ்டர்தான் பார்த்தாள், இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல். விளக்கம் கேட்டு ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. முதலில் எழுதியதையே திரும்ப எழுதிக் கொடுத்தாள். கூடுதலாக ஒரு நர்ஸைப் போட்டார்கள், ஒரு வாரத்துக்கு.

ஆறாம் நாள் துணியை எடுத்தபோது இளஞ்சிவப்பாய்ப் புதுத் தோல் மூடியிருந்தது. அம்மா பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"தழும்பு நிக்குமா?"

"நிக்காதுன்னு டாக்டர் சொல்றார். நானும் பார்த்துக்கிட்டே இருக்கேன்."

அம்மா குழாயடிக்குப் போனாள். முழங்கைவரை நுரை வரத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து நின்றாள்.

"எங்க வைக்கணும்?"

"ஒரு கை தலையில, ஒரு கை பாதத்துல. தடவக் கூடாது. சும்மா வெச்சிருந்தா போதும்."

அவள் வைத்தாள். குழந்தை ஒருமுறை உதறிவிட்டு அடங்கியது. அம்மாவின் தோள் குலுங்கியது. கைகள் மட்டும் அசையவே இல்லை.

"எவ்வளவு நேரம் இப்படி இருக்கலாம்?"

"உங்களுக்குக் கை வலிக்கிற வரைக்கும்."

நர்ஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அடுத்த குழந்தைக்கு இன்னும் நாலு நிமிஷம் இருந்தது.