ஒடுக்கா, துருவா?

மோதி நசுங்கிய கார்களுக்கு ஒடுக்கு எடுத்துக் கொடுக்கிற டிங்கர் அவர். பதினாலு வருடக் குடி. கண் மஞ்சளித்த பிறகுதான் மனைவியால் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்து வர முடிந்தது. ஐந்து மாதமாக ஒரு சொட்டுத் தொடவில்லை. இன்று இரண்டாவது ஸ்கேன். மனைவியும் கூட வந்திருந்தாள்.

டாக்டர் படத்தை நிதானமாகப் பார்த்தார். "குடிச்சதை முறிக்கிறது கல்லீரல்தான். அளவு மீறினா அதோட செல்லுல கொழுப்பு ஏறி வீங்கிடும். அதுக்கு மேலயும் குடிச்சா செல் செத்து, அந்த இடமே தழும்பாயிடும்."

"அதெல்லாம் இருக்கட்டும். ஒடுக்கா, துருவா? அதைச் சொல்லுங்க டாக்டர்."

டாக்டர் திருதிருவென விழித்தார்.

"ஒடுக்குன்னா தட்டி நிமித்திடலாம். துருன்னா தகடே போச்சு. அதைத்தான் கேக்குறாரு" என்றாள் மனைவி.

டாக்டர் சிரித்துவிட்டார். "அப்போ ஒடுக்குதான். வீக்கம் வடிஞ்சிருச்சு. தழும்பு இல்ல."

மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டிங்கரோ, தானே தட்டி நிமிர்த்தியதுபோல மீசையைத் தடவினார். "பாத்தியா, புது வண்டி!"

"ஆமா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒடுக்கு எடுத்த வண்டியைக் குடுக்கும்போது ஓனர்கிட்ட என்ன சொல்லுவீங்க?"

"அதே இடத்துல இன்னொரு அடி வாங்குனா தகடு கிழிஞ்சிடும், அப்புறம் என்கிட்ட கொண்டு வராதீங்கன்னு..." என்றவரின் கை மீசையிலிருந்து இறங்கியது.

"அதேதான். நானும் உங்களை இங்க கொண்டு வர மாட்டேன்" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள் மனைவி.