காயட்டும் சார்

அச்சு மை ஆலையில் என் வேலை, கண்ணாடியில் ஒரு சொட்டு மை விட்டு, காய்ந்த பிறகு பார்ப்பது. நிறத்தூளெல்லாம் ஓரத்துக்கு ஓடி வளையம் கட்டினால் அந்த மை உதவாது.

ஆக்கப் பொறுத்த மேலாளருக்கு ஆறப் பொறுக்கவில்லை. ஈரச் சொட்டைப் பார்த்தே, “அம்சமா இருக்கும்மா, அனுப்பிடு” என்றார்.

“காயட்டும் சார்.”

“இங்க மேலாளர் நீயா, நானா?”

அனுப்பினேன். அச்சடித்ததெல்லாம் ஓரம் கறுத்து, நடு வெளுத்து, சரக்கு மொத்தமும் திரும்பி வந்தது.

‘சோதித்தவரின் கவனக்குறைவு’ என்று அறிக்கை எழுதி, என் கையெழுத்துக்கு நீட்டினார். நீட்டிய வேகத்தில் அவர் மறுகையிலிருந்த காபி, தாளில் என் பெயர்மேல் சிந்தியது.

“காயட்டும் சார்” என்றேன்.

என் பெயரைச் சுற்றிக் கறை வளையம் கட்டும்வரை, பேனாவைப் பிடித்தபடி பொறுமையாகக் காத்திருந்தார் மனிதர்.