எஸ்ரா பிளங்க் என்று ஒருவன் இல்லை

என் தம்பி வர்ஜில் ஸ்டாம்பர் கிடாரை மடியில் வைத்தால் கென்டக்கி மலையே காது கொடுக்கும். மற்றபடி அவனோடு ஒரு நாள் தள்ளுவது பெரும்பாடு. கோடையிலும் கம்பளிக் கோட்டு. குளியல் தொட்டியில் ஆமைகள். கச்சேரிக்கு நடுவே இறங்கிப்போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவான்.

மனைவி ரூபி இறந்த வாரம் அவளுக்காக ஒரு மெட்டுக் கட்டினான். நாட்டுப்பாட்டு சேகரிக்க வந்த பேராசிரியர் ஹாலிஸ் கிரெய்ன் அதைப் பதிவு செய்துகொண்டு போனார். மறுவருடம் அது அவருடைய இசைத்தட்டில் வந்தது. வாசித்தவர் கிரெய்ன். ‘நூறு வருடப் பழைய மலைப்பாட்டு, இயற்றியவர் தெரியாது’ என்று உறையில் போட்டிருந்தார்.

வர்ஜில் கல்லூரிக்கே போய்க் கேட்டான்.

“உன்னை மாதிரி கிறுக்கனுக்கு இது எங்கேப்பா வரும்? யார்கிட்டயோ கேட்டிருப்பே” என்றார் கிரெய்ன். மாணவர்கள் சிரித்தார்கள்.

நாலாம் நாள், “அக்கா, அந்தாளுக்குப் பழசுதானே வேணும்? நானே செஞ்சு தரேன்” என்றான்.

பாட்டை இசைத்தட்டில் பதியும் பழைய யந்திரம் ஒன்றைத் தேடிப் பிடித்தான். பல்செட்டைக் கழற்றிவிட்டுக் கிழவன் குரலில் பாடினான். தட்டை மணலில் தேய்த்து, ‘எஸ்ரா பிளங்க், 1927’ என்று சீட்டு ஒட்டினான். கிரெய்ன் சனிக்கிழமைதோறும் துழாவும் பழைய சாமான் கடையில் அதைக் கொண்டுபோய் வைத்தது நான்தான்.

கிரெய்ன் தூண்டிலை விழுங்கினார். இரண்டு வருடம் எஸ்ராவைப் பற்றியே பேசினார். எஸ்ரா பிறந்த ஊரைக்கூடக் கண்டுபிடித்து எழுதினார்.

1966-ஆம் வருட இசைவிழாவில் அந்தத் தட்டை ஓடவிட்டு, மேடையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன்வரிசையில் இருந்த வர்ஜில் எழுந்தான். பல்செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அதே குரலில் அடுத்த சரணத்தைப் பாடினான்.

“இந்தச் சரணத்துக்குத் தட்டுல இடம் போதலை, புரொபசரே. நடுவுல இருமுறது எங்க அக்கா!”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கிரெய்னின் முகம் வெளுத்தது.

“ரூபி பாட்டு யாருது? மைக்குல சொல்லு.”

“உன்னுது.”

“பேரைச் சொல்லு.”

“வர்ஜில் ஸ்டாம்பரோடது” என்றார் கிரெய்ன்.

அந்தக் குளிர்காலமே கல்லூரி அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டது.

வர்ஜில் அதன்பின் அந்த மெட்டைத் தொடவேயில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

“வாசிச்சா ரூபி வர மாட்டேங்கிறா, அக்கா. அந்தாள் மூஞ்சிதான் வருது.”

ஆறு வருடம் கழித்து ஒரு விடுதி அறையில் தனியாகச் செத்தான். இப்போது எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள் அந்த மெட்டை வாசிக்கிறார்கள். உறையில் அவன் பெயர் இருக்கிறது. கிரெய்ன் நொடித்துப்போய்ச் செத்தார் என்று யாரோ வந்து சொன்னார்கள். காபியை ஆறவிடாமல் குடித்து முடித்தேன்.